அவன் வண்டியைவிட ஓர் அங்குலம்

இலையுதிர்காலப் புயல் போன பிறகு பார்த்தால் ஆறு புரண்டு படுத்திருந்தது. அதுவரை கடலோர மலையின் அடியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த பெரிய ஓட்டம் இந்தப் பக்கம் வந்து, ஃபெங்லின் ஊர்க்கரையை உரசிக்கொண்டு ஓடியது. நடுவிலிருந்த மணல்திட்டு மட்டும் அப்படியே கிடந்தது. தர்பூசணிக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் அங்கே போக இனிமேல் தொடையளவுத் தண்ணீரைக் கடந்தாக வேண்டும்.

பெங் ஜின்தாங்குக்கு ஆற்று மணலை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது. கல்யாணமான வருஷத்திலிருந்து அவனும் அவன் மனைவி யூஷியாவும் அங்கேதான் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் மணலை நிரவி நாற்று வைப்பார்கள். பிளாஸ்டிக் கூடாரம் கட்டிக் காற்றுக்கு மறைப்பார்கள். வசந்தத்தில் கொடி கழிப்பார்கள். கோடை தொடங்கும்போது பழம் வெட்டுவார்கள். ஆளையும் சாமானையும் கொண்டுபோக ஒரு பழைய பச்சை எஸ்யூவி வண்டி இருந்தது. நாற்றுத் தட்டு, பம்பு, ரப்பர் குழாய், சோற்று டப்பா, யூஷியாவின் பூப்போட்ட துணி கட்டிய ஓலைத்தொப்பி என்று அதற்குள் ஒரு குடித்தனமே இருக்கும்.

நாற்று நட்ட முதல் நாளிலேயே அந்த வண்டி நட்டாற்றில் நின்றுபோனது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. யூஷியா காலைத் தூக்கி முன்பலகைமேல் வைத்துக்கொண்டு, நாற்றுத் தட்டுகளை மடியில் அடுக்கி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஜின்தாங் சாவியைத் திருகினான். திரும்பத் திரும்பத் திருகினான். வண்டி செருமியதே தவிர கிளம்பவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு வெள்ளை வண்டி தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. அதே ரகம்தான், ஆனால் கால் முளைத்த மாதிரி உயரம். உள்ளேயிருந்து லோ வென்குவாங் தலையை நீட்டினான்.

"தாங் அண்ணே! ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கோ, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

வென்குவாங் தாவோயுவானில் பல வருஷம் தொழிற்சாலை வேலையில் இருந்தவன். மனைவி பிரிந்து போனபின், வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி, திட்டில் ஜின்தாங்கின் பங்குக்கு அடுத்த துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். யூஷியாவோடு ஒரே பள்ளிக்கூடம். விளையாட்டு விழாவில் இரண்டு பேர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடும் பந்தயத்தில் இவர்கள்தான் ஜோடியாக ஓடி ஜெயித்தார்கள் என்று ஊரில் இன்னும் இரண்டொருவர் சொல்வார்கள். ஜின்தாங் பக்கத்து ஊர்க்காரன். அந்தப் பந்தயத்தை அவன் பார்த்ததில்லை. பார்க்காததனாலேயே அவன் மனசில் அது நன்றாகத் தெரிந்தது.

பட்டைக் கயிற்றை மாட்டி வெள்ளை வண்டி இழுத்தது. பச்சை வண்டி ஆடி அசைந்து கரையேறியது. யூஷியா சிரித்தாள். மடியில் நாற்றும் முன்பலகையில் காலுமாக, வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது ஜின்தாங்குக்கு.

மணலில் இறங்கியதும் அவள் போய் வெள்ளை வண்டியின் சக்கரத்துப் பக்கம் நின்று பார்த்தாள். "யப்பா, எம்மாம் ஒசரம்!"

"ஏறிப் பாரு ஷியா," என்றான் வென்குவாங்.

ஷியா. ஜின்தாங்கே அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அவன் நட்ட வரிசையில் பாதி நாற்று கோணலாக நின்றது.

மறுநாள் அவன் தனியாகப் பனாயின் கடைக்குப் போனான். குவாங்ஃபு போகிற சாலையில் தகரக் கூரை போட்ட கடை. பனாய் அமிஸ் பழங்குடிப் பெண். வாயில் எப்போதும் பாக்கு. வண்டிக்கு அடியில் அவள் படுத்திருந்தால் வெளியே ரப்பர் செருப்பு மட்டும்தான் தெரியும். வந்தவன் அந்தச் செருப்போடுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

"வண்டியை ஒசத்தணும்," என்றான் ஜின்தாங்.

"எதுக்கு?"

"ஆத்தைக் கடக்க."

"தண்ணி எவ்வளவு?"

"தொடை வரைக்கும்."

"யாரு தொடை? உன் தொடையா, என் தொடையா?" செருப்பு வெளியே நகர்ந்தது, பின்னாலேயே ஆள் வந்தாள். குட்டையான, உருண்டையான பெண். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பச்சை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "சுருள் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாத்தி ரெண்டு அங்குலம் ஏத்தலாம் அண்ணே. டயர் ஒரு அளவு பெருசு. எஞ்சின் மூச்சு விடுற குழாயைக் கூரைக்கு மேல கொண்டுபோயிடறேன். இவ்வளவு இருந்தா உன் ஆத்துக்குப் போதும்."

"வென்குவாங் வண்டி எவ்வளவு?"

"அந்த வெள்ளையா? நாந்தான் போட்டேன். ரெண்டுதான்."

"அப்ப எனக்கு மூணு."

பனாய் காகிதக் குவளையில் பாக்கைத் துப்பினாள். "அண்ணே, நீ ஆத்தைக் கடக்கணுமா, வென்குவாங்கைக் கடக்கணுமா?"

"மூணு போட முடியுமா, முடியாதா?"

"முடியும். முடியறதெல்லாம் செய்யணுமா? மூணுன்னா சுருளோட போகாது. அடியில கம்பியெல்லாம் நீளம் மாத்தணும். வளைவுல சாயும். பிரேக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கும். எண்ணெய் குடிக்கும்."

"குடிக்கட்டும்."

சுவரோரமாக டயர்கள் சாய்ந்து நின்றன. தார்ச்சாலைக்கு ஒன்று, எல்லா வழிக்கும் ஒன்று, சேற்றுக்கு ஒன்று. ஜின்தாங் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய்க் கடைசியில் இருந்ததன் முன்னால் நின்றான். மாட்டுப்பல் மாதிரி கட்டை கட்டையாகப் பல்லு வைத்த டயர். அவன் இடுப்புக்கு வந்தது.

"இது."

"அது சேத்து டயர். ரோட்டுல லாரி மாதிரி கத்தும். அதை மாட்டணும்னா உன் வண்டியோட சக்கர வளைவை வெட்டணும். இன்னொண்ணையும் கேட்டுக்கோ. எவ்வளவு பெரிய டயரோ அவ்வளவு காத்து உள்ள. ஓடுற தண்ணியில அது டியூப் மாதிரி. வண்டியில கனம் இல்லேன்னா ஆறு அப்படியே தூக்கிட்டுப் போயிரும்."

"வெட்டு."

பனாய் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணியை ஒருக்கா கூட்டிட்டு வா. உக்காத்தி வெச்சுப் பாப்போம். அப்புறம் வெட்டலாம்."

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்," என்றான் ஜின்தாங்.

வேலை முடிந்து, பரிசோதனை நிலையத்தில் காட்டி முத்திரை வாங்கி, வண்டி வீடு வந்து சேரும்போது புத்தாண்டு நெருங்கிவிட்டது. ஊருக்குள் நுழையும்போதே டயர் சத்தம் கேட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டுமென்றே வென்குவாங் வீட்டுத் தெரு வழியாகத்தான் வந்தான். வெள்ளை வண்டி வாசலில் நின்றது. பச்சை வண்டியின் சன்னலிலிருந்து அதன் கூரை தெரிந்தது. கூரைமேல் ஒரு பறவை எச்சம் காய்ந்திருந்தது. ஜின்தாங்குக்கு அதைப் பார்த்ததே பெரிய திருப்தியாக இருந்தது.

வீட்டில் ஹாரன் அடித்தான். யூஷியா உப்பில் ஊறிய கடுகுக்கீரையைப் பிழிந்த கையோடு வெளியே வந்தாள்.

"இது வண்டியா, மாடி வீடா?"

"ஏறிப் பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். உட்காரும் இடம் அவள் மார்புக்கு இருந்தது. இடது காலைத் தூக்கினாள். எட்டவில்லை. வலது காலைத் தூக்கினால் உடம்பு முழுக்க இடது முழங்காலில் நிற்க வேண்டும். வருஷக்கணக்காக மணலில் குந்தி வேலை செய்து தேய்ந்துபோன முழங்கால் அது. அரை நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இறங்கிக்கொண்டாள். ஏறாமலே இறங்கிக்கொண்டாள்.

"தாங், இதுல நான் எப்படி ஏறுறது?"

அவனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. உறைத்ததைக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. "பழகினா சரியாப் போயிடும்," என்றான்.

அவள் குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டு வந்தாள். முக்காலியில் ஏறி, அதிலிருந்து வண்டியில் ஏறி, பிறகு குனிந்து முக்காலியை மேலே தூக்கிக்கொள்வாள். திட்டில் போய் இறங்கும்போது மணல் ஒரு பக்கம் இறங்கும், முக்காலி சாயும். பூ வைக்கத் தொடங்கிய பருவத்தில் ஒரு நாள் சாய்ந்தே விட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க உட்கார்ந்தபடியேதான் கொடி கழித்தாள்.

மறுநாள் காலை அரிசிக் கஞ்சி குடித்துவிட்டு ஜின்தாங் வண்டியைத் திருப்பினான். யூஷியா தொப்பியும் டப்பாவுமாக வாசலில் நின்றாள். வெள்ளை வண்டி வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு படி வைத்திருந்தது.

"அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு மாட்டின படி," என்றாள் யூஷியா, அவன் எதுவும் கேட்காமலே. "நேத்து நாந்தான் என்னையும் ஏத்திக்கச் சொன்னேன். எப்படியும் ஒரே எடத்துக்குத்தான போறோம்."

அவள் படியில் கால் வைத்து, சாதாரணமாக, பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் ஆயிற்று. முன்னால் வெள்ளை வண்டி, பின்னால் பச்சை. உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் முன்னால் போகிற வண்டியின் பின்கண்ணாடிக்குள் இரண்டு தலைகள் ஜின்தாங்குக்குத் துலக்கமாகத் தெரிந்தன. ஒரு தலை பேசும், இன்னொன்று ஆடும். சில சமயம் இரண்டும் ஒரே நேரத்தில் ஆடும். டயர் சத்தத்தில் தன் வண்டி ரேடியோகூட அவனுக்குக் கேட்காது. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் கேட்பதுபோல இருக்கும். என்றாவது முந்திப் போய்ப் பார்ப்பான். முந்தினால் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்தது. அது இன்னும் மோசம்.

தர்பூசணிப் பூ காலையில்தான் விரியும். வெயில் ஏறுவதற்குள் ஆண் பூவைக் கிள்ளி, இதழை மடக்கி, பெண் பூவின் நடுவில் தொட வேண்டும். அழுத்தினால் பிஞ்சு கோணும். தொடாமல் விட்டால் பிஞ்சே இல்லை. யூஷியா கை வைத்த பூ தப்பாது என்று அந்த ஆற்றங்கரையில் பேர். ஒரு நாள் ஜின்தாங் தன் வரிசையில் குனிந்திருந்தபோது காற்றில் அவள் குரல் வந்தது.

"மெதுவா. தேய்க்காத. தொட்டாப் போதும்."

நிமிர்ந்து பார்த்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம், வென்குவாங்கின் நிலத்தில், இரண்டு ஓலைத்தொப்பிகள் ஒட்டியபடி குனிந்திருந்தன. யூஷியா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் கையென்ன உலக்கையா? இந்தா, இப்படி."

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் அதட்டுவ."

"அப்பவும் நீ கோணக்கால் வெச்சுத்தான் ஓடுன."

ஜின்தாங் கையிலிருந்த ஆண் பூ கசங்கி மஞ்சள் சாறாகிவிட்டது. கையைக் கால்சட்டையில் துடைத்தான். கறை போகவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது டப்பாவில் வேர்க்கடலை அரைத்து உறையவைத்த 'தோஃபு' குறைவாக இருந்தது.

"பாதியைக் காணோம்?"

"வென்குவாங்குக்குக் குடுத்தேன். அவங்கம்மா முள்ளங்கிப் பணியாரம் குடுத்து விட்டிருக்கா. திங்கிறியா?"

"வேணாம்."

"நல்லா இருக்கு."

"வேணாங்கறேன்ல."

யூஷியா தானே தின்றாள். ஒன்று, பிறகு இன்னொன்று. "கேக்கணும்னு நெனைக்கிறதைக் கேளேன். ஏன் சோத்தைப் போட்டுக் குத்திக்கிட்டு இருக்க?"

"வண்டியில அப்படி என்னதான் பேசுவீங்க?"

"என்னென்னமோ. அவங்கம்மா கண்ணு ஆபரேஷன். செத்துப்போன வாத்தியாரு. நேத்து என்ன படம் பாத்தான்னு. மலைமேல மேகம் எந்தப் பக்கம் போகுதுன்னு."

"இதுக்கா அம்புட்டுச் சிரிப்பு?"

"ஆமா," என்றாள் அவள். "அவன்கூடப் பேசுறது நல்லாத்தான் இருக்கு. நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நீ பேச மாட்டேங்கற. முன்னாடி ஒரே வண்டியில போறப்பவாவது வாயைத் தொறப்ப. 'மணல் நனைஞ்சிருக்கு, மழை வரும்'னு ஒரு வார்த்தை சொல்லுவ. இப்ப அதுவும் இல்ல. நீ அங்க மேல ஒசரத்துல உக்காந்து போற."

அவன் டப்பாவை மூடிவிட்டுக் கொடி வரிசைக்குப் போனான். அன்று சாயங்காலம் முக்காலியைத் தேடினான், கிடைக்கவில்லை. படி ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் என்ன என்றும் யோசித்தான். வென்குவாங் வண்டியைப் பார்த்து மாட்டியதாகிவிடுமே என்று விட்டுவிட்டான்.

பழம் திரண்டது. அந்த வருஷம் ஒவ்வொன்றும் குழந்தை மாதிரி கனத்தது. யூஷியா விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போவாள். வியாபாரியின் லாரிக்கு நாள் குறித்தாயிற்று. பிளம் பழம் பழுக்கும்போது வரும் மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஃபெங்லினில் வெயில் அடித்தாலும் மேற்கே பெருமலை கறுத்துக் கிடந்தது.

ஒரு நாள் காலை பம்புக்கு எண்ணெய் வாங்க ஜின்தாங் மட்டும் கரைக்குத் திரும்பியிருந்தான். டின்னோடு வந்து ஆற்றைப் பார்த்தவனுக்குக் கால் நின்றது. தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. பாலும் தேநீரும் கலந்த மாதிரி ஒரு பழுப்பு. அடியில் கல் உருளும் சத்தம், தூரத்தில் ரயில் போகிற மாதிரி. எதிரே திட்டில் இரண்டு தொப்பிகள் ஓடுவது தெரிந்தது. வென்குவாங் வெள்ளை வண்டியை ஓட்டத்தில் இறக்கினான். தண்ணீர் முன்மூடிக்கு மேல் ஏறியது. வண்டி ஒரு தடவை உறுமி அடங்கியது. யூஷியா அவனை இழுத்துத் திட்டில் ஏற்றுவது தெரிந்தது.

ஜின்தாங் டின்னைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினான். உள்ளே பயம் இருந்தது. பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. இத்தனை மாதம் காத்திருந்த நாள் இதுதான் என்பது போன்ற ஒரு குதிப்பு. வண்டியை ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து ஓட்டத்தோடு சாய்த்து இறக்கி, நிறுத்தாமல், வேகமும் கூட்டாமல் ஓட்டினான். மூன்று அங்குலமும் பல்லு வைத்த டயரும் வேலை செய்தன. நடுவில் பின்பக்கம் லேசாகி ஒரு முழம் நகர்ந்தது. அவ்வளவுதான். திட்டில் ஏறிவிட்டான்.

"ஏறு!" என்று கதவைத் திறந்தான்.

யூஷியாவால் ஏற முடியவில்லை. முக்காலி எங்கேயோ கிடந்தது. ஜின்தாங் குதித்து இறங்கி மணலில் ஒரு முழங்காலிட்டுத் தொடையைக் காட்டினான். அவள் அதில் கால் வைத்தாள். பின்னாலிருந்து வென்குவாங் அவள் இரண்டு தோளையும் தாங்கினான். மேலே போய் விழுந்தாள்.

"வண்டி லேசா இருக்கு," என்று மூச்சு வாங்கினாள். "வரும்போது வால் ஆடுனதைப் பாத்தேன். கனம் ஏத்தணும். பழத்தை ஏத்துங்க."

வென்குவாங் வரிசையின் கோடிக்கு ஓடினான். ஜின்தாங் இரண்டு பழத்தைப் பின்னால் போட்டுவிட்டு ஓட்டும் இடத்தில் ஏறிக்கொண்டான். தண்ணீர் திட்டின் ஓரத்தை நக்கிக்கொண்டு மேலேறி வந்தது. கண்ணாடியில் வென்குவாங் தெரிந்தான். இரண்டு கக்கத்திலும் இரண்டு பழம். மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்துகொண்டிருந்தான். கோணக்கால் வைத்துத்தான் ஓடி வந்தான்.

ஜின்தாங் கிளட்சை விட்டான்.

வண்டி நகர்ந்தது. ஒரு வண்டி நீளம், இரண்டு, மூன்று. கண்ணாடியில் அந்த உருவம் சிறுத்தது. ஜின்தாங் அதையே பார்த்தான். அப்போது யூஷியாவின் கை கியர்த்தண்டின்மேல் இருந்த அவன் கையைப் பிடித்தது. நகம் பதியப் பிடித்தாள். அவன் பிரேக்கை மிதித்தான்.

வென்குவாங் வந்து பழங்களை உள்ளே எறிந்துவிட்டுத் தானும் விழுந்தான். "போ அண்ணே, போ!"

திரும்பும்போது ஆறு வேறாக இருந்தது. தண்ணீர் கதவின் பாதிக்கு மேலே அடித்தது. வண்டி சாய்ந்தது. வென்குவாங் தண்ணீர் அடிக்கிற பக்கத்து மூலைக்குத் தாவி உட்கார்ந்தான். "இன்னும் மேல பிடி, அங்க பெரிய கல்லு இருக்கு," என்று யூஷியா கையைக் காட்டிக்கொண்டே வந்தாள். ஆற்றின் அடி அவளுக்குத் தெரியும். கரை ஏறி வண்டி நின்றதும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை. கரையில் கூடியிருந்தவர்கள் பச்சை வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒசத்தினான் பாரு ஜின்தாங், அவனல்லவா ஆள் என்றார்கள்.

அன்று இரவுச் சோறு இஞ்சி போட்ட சூப்போடு மேசையில் ஆறியது. யூஷியா எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்தாள்.

"வண்டி நகர்ந்துச்சா, நீ நகர்த்தினியா?"

மணலில் சக்கரம் பதியாமலிருக்க நகர்த்தினேன் என்ற பதில் கையருகே தயாராக இருந்தது. யாரும் நம்புவார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

"நகர்த்தினேன்," என்றான்.

அவள் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நீ பொறாமைப்பட்டது எனக்குத் தெரியும். கொஞ்சம் நல்லாக்கூட இருந்துச்சு, இந்த வயசுல. இது அது இல்ல." எழுந்து போய்க் கதவருகே நின்றாள். "அவங்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

தண்ணீர் வடிய நாளாயிற்று. திட்டில் பாதியை ஆறு கொண்டுபோயிருந்தது. ஜின்தாங் சொல்லவில்லை. தெருவில் வென்குவாங் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் போனான். யூஷியா தேவையானதை மட்டும் பேசினாள்.

ஒரு நாள் அவளே, "பனாய் கடைக்குப் போலாம், நானும் வரேன்," என்றாள். அவள் ஏற அவன் தொடையைக் காட்ட வேண்டியிருந்தது. அவள் அதில் கால் வைத்து ஏறினாள். அவன் தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை, கதவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் ஊரே உன் வண்டியைப் பத்திப் பேசுது," என்றாள் பனாய். "இப்ப எதுக்கு வந்த?"

"எறக்கணும்," என்றாள் யூஷியா. "ரெண்டு போதும். இந்தப் பல்லு டயரும் வேணாம், காது செவிடாகுது. அதோ, அந்த நடு டயரு என்ன?"

"அது எல்லா வழிக்கும் ஆகும் அண்ணி. மணல்ல காத்தைக் கொஞ்சம் எறக்கிட்டா அருமையா போகும்."

"அதைப் போடு. ஒரு படியும் போடு."

"முன்னாடியே உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னேன் அண்ணி." பனாய் பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்தாள். "ஆனா சும்மா சொல்லக்கூடாது, அன்னைக்கு இதுதான் காப்பாத்துச்சு. எத்தனை பேரு இருந்தீங்க உள்ள?"

"மூணு பேரு. கொஞ்சம் பழம்."

"நல்லவேளை. ரெண்டு பேரு மட்டும்னா இந்த டயரு மிதந்திருக்கும். அந்த வென்குவாங் தடியன் பின்னாடி உக்காந்திருப்பான்ல, அவன் கனந்தான் சக்கரத்தைத் தரையில பிடிச்சிருக்கு."

யூஷியா திரும்பி ஜின்தாங்கைப் பார்த்தாள். அவன் தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆறு வடிந்த இடத்தில் வெள்ளை வண்டி சன்னல் வரைக்கும் மணலில் புதைந்து கிடந்தது. வென்குவாங் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தான். ஜின்தாங் மண்வெட்டியோடு போய் மறுபக்கம் நின்று, ஒன்றும் கேட்காமல் தோண்டத் தொடங்கினான். வெயில் ஏறியது. இரண்டு பேரும் சட்டையைக் கழற்றினார்கள். ஒரு பெரிய கல்லை இருவருமாகப் புரட்டித் தள்ளினார்கள்.

"வென்குவாங்."

"என்னண்ணே?"

"அன்னைக்கு நீ பழத்தோட வர்றப்ப நான் வண்டியை எடுத்தேன்ல. மணல்ல பதியும்னு எடுக்கல. உன்னை விட்டுட்டுப் போகத்தான் எடுத்தேன்."

வென்குவாங் நிறுத்தவில்லை. இரண்டு மூன்று தடவை மண்ணை அள்ளிப் போட்டான். பிறகு மண்வெட்டியை ஊன்றி நின்றான். காதிலும் புருவத்திலும் மணல்.

"தெரியும். கண்ணாடியில உன் கண்ணைப் பாத்தேன்."

"அப்புறமும் ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"என்னத்தைச் சொல்ல?" வென்குவாங் ஆற்றின் பக்கம் பார்த்தான். "உன் எடத்துல நான் இருந்து, பக்கத்துல அவ உக்காந்திருந்தா, நான் நிறுத்தியிருக்க மாட்டேன் அண்ணே."

அவன் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் வா. அச்சு தெரியுது," என்று குனிந்துகொண்டான்.

ஜின்தாங் நின்ற இடத்திலேயே நின்றான். இத்தனை மாதம் பின்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வெந்தது வீண் கற்பனை இல்லை. இதோ, எதிரே, முதுகெல்லாம் வேர்த்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. இவன் ஒவ்வொரு நாளும் அவளைக் கூட்டிப் போய், பேசிச் சிரிக்க வைத்து, சாயங்காலம் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஜின்தாங் அந்தப் பக்கம் போய் அச்சுக்கு அடியில் மண்வெட்டியைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யூஷியா குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள்.

"வண்டி வெளியே வந்துச்சா?"

"வந்துருச்சு. எஞ்சின் போச்சு."

"சொன்னியா?"

"சொன்னேன்."

அவள் கை நின்றது. "அவன் என்ன சொன்னான்?"

ஜின்தாங் காலைக் குழாய்க்கு அடியில் நீட்டினான். விரலிடுக்கிலிருந்து மணல் கரைந்து போயிற்று. "தோண்டச் சொன்னான்," என்றான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் நம்பாமல் பார்த்தாள். அவன் இன்னொரு காலை நீட்டினான். மேற்கே மலைமேல் மேகம் பிரிந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. அதை அவளிடம் சொன்னான். நாளைக்கு வெயில் இருக்கும், மிச்சப் பழத்தை வெட்டிவிடலாம் என்றான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். "ஆமா, போகுது," என்றாள். அவன் பேச்சை விடவில்லை. குனிந்து, ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட காலைத் தேய்த்துக்கொண்டே, மணலைப் பற்றியும் லாரியைப் பற்றியும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.